மஞ்சள் சாறும் வெள்ளைச் சோறும்

புதுக்கடை திறந்தால் ஷட்டருக்கு மேலே திருஷ்டிப் பூசணிக்குப் பக்கத்தில் வேரோடு பிடுங்கிய ஒரு கற்றாழையைத் தலைகீழாகக் கட்டிவிடுகிறோம். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஆனாலும் சில மாதம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் நுனி மேல்நோக்கி வளைந்து புதுக் குருத்து விட்டிருக்கும். நம் ஊருக்கே உரிய வழக்கம் என்று இதை நினைத்துக்கொண்டிருப்போம். 1836இல் வெளிவந்த எட்வர்ட் லேனின் எகிப்து பற்றிய புத்தகத்திலும் இதே காட்சி இருக்கிறது. கெய்ரோவில் புதுவீடு கட்டியவர்கள் வாசல் நிலைக்கு மேலே கற்றாழையைத் தொங்கவிடுவார்கள், அது மண்ணும் நீரும் இல்லாமல் பல வருடம் உயிரோடு இருக்கும், சில சமயம் பூக்கவும் செய்யும் என்று அவர் குறித்துவைத்திருக்கிறார். வீட்டார் நீண்ட காலம் வாழவேண்டும் என்பது அங்கே நம்பிக்கை. கண்ணேறு படக்கூடாது என்பது இங்கே.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இலையில் இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும்போது கூடவே தண்ணீரையும் ஆவியாக இழக்கின்றன. கற்றாழை பகல் முழுக்கத் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தணிந்த இரவில் திறந்து, வேண்டிய கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துவைத்துக்கொள்ளும். இப்படி ஒரு செடியைக் கப்பலின் மூலையில் போட்டுவிட்டு மறந்துபோனாலும் போய்ச்சேரும் துறைமுகத்தில் உயிரோடுதான் இறங்கும். விதையைத் தேடவும் வேண்டியதில்லை; அடியில் முளைக்கும் பக்கக்கன்று ஒன்று போதும். உலகம் சுற்றுவதற்கென்றே பிறந்த செடி என்று சொல்லலாம்.

செடிதான் அப்படி. அதன் உள்ளே இருக்கும் சரக்கின் கதை வேறு. இலையைக் குறுக்கே வெட்டினால் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு சாறு வடியும். நாக்கில் பட்டால் அரை மணி நேரத்துக்குக் கசக்கும். அதைக் காய்ச்சி இறுக்கினால் கறுத்த கண்ணாடிக் கட்டி மாதிரி ஆகிவிடும். நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்றோ மூசாம்பரம் என்றோ கேட்டால் கிடைப்பது அதுதான். வருடக்கணக்கில் கெடாது. நடுவில் இருக்கும் வழவழப்பான வெள்ளைச் சோறோ, எடுத்துவைத்த மறுநாளே நிறம் மாறி நாறத் தொடங்கும். மஞ்சள் சாறு கப்பலேறியது, சோறு கொல்லைப்புறத்திலேயே தங்கிவிட்டது. வணிகர்கள் எழுதிவைத்ததெல்லாம் முதலாவதன் கணக்கு. இன்று நாம் முகத்தில் பூசுவது இரண்டாவதை.

செடி எந்த ஊர்க்காரர் என்பது வெகுகாலம் குழப்பமாகவே இருந்தது. கற்றாழைகள் அடங்கிய அலோ பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில். நம் கொல்லைச் சோற்றுக்கற்றாழைக்கு மட்டும் காட்டில் சொந்தக்காரர்களே தென்படவில்லை; எங்கே பார்த்தாலும் மனிதர் நட்டதாகவே இருந்தது. லண்டன் கியூ தாவரத் தோட்டம் இன்று அதன் தாயகம் என்று காட்டுவது வடக்கு ஓமனை. மஸ்கட் பக்கம் வேலைக்குப் போன நம்மவர்கள் அங்குள்ள மலையடிவாரத்தைத் தாண்டித்தான் போய்வந்திருப்பார்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேடு நமக்குத் தெரிந்ததுதான். முசிறியும் காவிரிப்பூம்பட்டினமும் இடம்பெற்ற நூல் அது. அதிலேயே இன்றைய ஏமன் கரையிலிருந்த கானே துறைமுகத்தின் ஏற்றுமதிப் பட்டியலில் சாம்பிராணிக்கு அடுத்து கற்றாழை வருகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் வாழ்ந்த டயாஸ்கொரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர், இது இந்தியாவில் ஏராளமாக விளைகிறது, காய்ந்த சாறு அங்கிருந்துதான் வருகிறது என்று எழுதிவிட்டார். கிழக்கிலிருந்து வந்த எந்தச் சரக்குக்கும் இந்தியா என்று முகவரி எழுதிவிடுவது அந்தக் காலத்துப் பழக்கம். பேதிக்கும் புண்ணுக்கும் அரிப்புக்கும் முடி உதிர்வதற்கும் அவர் சொன்ன மருந்து, அந்தக் காய்ந்த சாறுதான். சுமார் 512இல் கான்ஸ்டான்டிநோபிளில் இளவரசி அனிசியா ஜூலியானாவுக்காக அவருடைய நூலை வண்ணப் படங்களோடு பிரதி எடுத்தார்கள். இன்று வியன்னாவில் இருக்கும் அந்தச் சுவடியில் கற்றாழையும் தன் படத்தோடு நிற்கிறது.

அடுத்து சொகோத்ரா. ஏமனுக்கும் சோமாலியாவுக்கும் நடுவே கடலில் கிடக்கும் தீவு. அங்கே வளர்வது வேறொரு வகைக் கற்றாழை. அதன் சாறுதான் உயர்ந்த சரக்கு என்று பல நூற்றாண்டு பெயர் வாங்கியது. பெயர் வந்தால் கதையும் வரவேண்டுமே. அரிஸ்டாட்டில் சொல்லித்தான் அலெக்சாந்தர் கற்றாழைக்காக அந்தத் தீவைப் பிடித்து கிரேக்கர்களைக் குடியேற்றினார் என்று அல்-மசூதி, அல்-இத்ரீசி போன்ற அரபுப் புவியியலாளர்கள் எழுதினார்கள். அலெக்சாந்தரின் படையெடுப்பைப் பதிவுசெய்த பழைய வரலாற்றாசிரியர்கள் அப்படி ஒன்றைச் சொல்லவேயில்லை. கிளியோபாட்ரா கற்றாழை பூசித்தான் அழகியானாள் என்பதும் இந்த வகைதான். இரண்டு கதைகளையும் இன்றைக்கும் கிரீம் டப்பாக்களோடு வரும் துண்டுப்பிரசுரங்களில் படிக்கலாம். சரித்திரம் சொல்லி விற்பது ரொம்பப் பழைய உத்தி.

1507இல் போர்ச்சுகீசியர் சொகோத்ராவைப் பிடித்தார்கள். பிடித்தது செங்கடலின் வாயைக் காவல் காக்கத்தான். தண்ணீரும் சோறும் கிடைக்காமல் தவித்து, 1511இல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு நூறு வருடம் கழித்து வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோட்டை எதுவும் கட்டவில்லை. சூரத்துக்குப் போகிற வழியில் சுல்தானிடம் காசு கொடுத்துச் சாற்றுக்கட்டியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். வியாபாரிக்கு இருக்கும் புத்தி தளபதிக்கு எப்போதும் வாய்ப்பதில்லை.

அதற்குள் கற்றாழைச் செடியே அட்லாண்டிக் கடலைத் தாண்டிவிட்டது. 1647 முதல் 1650 வரை பார்படோஸ் தீவில் இருந்த ரிச்சர்ட் லிகான், கற்றாழையை அந்த மண்ணிலேயே பிறந்த செடிபோல எழுதிவைத்தார். தோட்டங்களில் வெட்டுவதும் காய்ச்சுவதும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வேலை. வேலை முறையை ஹான்பரி, ஃப்ளூக்கிகர் என்ற இரு மருந்தியல் அறிஞர்கள் 1874இல் தங்கள் நூலில் விளக்கமாக எழுதியிருக்கிறார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் உச்சி வெயிலில் இலையை வெட்ட வேண்டும். வெட்டிய முனை கீழே இருக்கும்படி சரிவான மரத்தொட்டியில் அடுக்க வேண்டும். பிழியக்கூடாது; தானாக வடியும் மஞ்சள் சாறு தொட்டியின் ஓட்டை வழியாகப் பாத்திரத்தில் விழும். பிறகு செப்புக் கொப்பரையில் காய்ச்சி, குழம்புப் பதம் வந்ததும் காய்ந்த சுரைக்குடுவைகளில் ஊற்றி இறுகவிடுவார்கள். அப்படியே லண்டனுக்குக் கப்பலேறும். தென்னாப்பிரிக்காவில் இத்தனை சாமான்கூடத் தேவைப்படவில்லை. தரையில் ஒரு குழி, அதில் விரித்த ஓர் ஆட்டுத்தோல், சுற்றிலும் வட்டமாக அடுக்கிய இலைகள், தீர்ந்தது. அங்கே வெட்டியது இன்னொரு வகை, முள் நிறைந்த ஆளுயரக் கற்றாழை.

சாறு வடிந்தபின் அந்தச் சதைப்பற்றுள்ள இலைகளை பார்படோஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? எருவாகப் போட்டார்கள். வேறு எதற்கும் அது பயன்படவில்லை என்று அந்த நூலிலேயே இருக்கிறது. இன்றைக்கு ஒரு சின்ன டப்பா இருநூறு ரூபாய் விற்கும் சரக்கை இருநூறு வருடமாக வயலில் கொட்டி மிதித்திருக்கிறார்கள்!

பார்படோஸுக்குக் கிடைத்த புகழ் செடியின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. 1753இல் லின்னேயஸ் இதை வேறொரு கற்றாழையின் உள்வகையாகத்தான் வைத்திருந்தார். தனி இனமாகப் பிரித்துப் பெயர் வைத்தவர்கள் இருவர், இருவருமே 1768இல், அதுவும் ஏப்ரல் மாதத்தை ஒட்டி. ஆம்ஸ்டர்டாமின் நிக்கோலாஸ் பர்மன் இந்தியத் தாவரங்களைப் பற்றிய தன் நூலில் அலோ வேரா என்றார். சுமார் பத்து நாள் பிந்தி, லண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தின் பிலிப் மில்லர் அலோ பார்படென்சிஸ் என்று அச்சிட்டார். முந்தி அச்சான பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் சட்டம். அதனால் மில்லர் தோற்றார். ஆனால் அழகுசாதனத் தொழில் தோற்றவர் பக்கம் நின்றுவிட்டது. உங்கள் வீட்டிலிருக்கும் ஜெல் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் அலோ பார்படென்சிஸ் என்றுதான் இருக்கும். ஓமன் செடிக்கு பார்படோஸ் முகவரி.

எதிர்த்திசையில் ஒரு போலியும் வந்து சேர்ந்தது. மெக்சிகோவிலிருந்து வந்து நம் ரயில்பாதை ஓரங்களில் வேலியாக நின்ற ஆனைக்கற்றாழையைச் சொல்கிறேன். பெயரில் கற்றாழை, தோற்றத்திலும் அண்ணன். உறவில் ரொம்பத் தூரம். நாரெடுத்துக் கயிறு திரிக்க உதவும். அதன் சாறு தோலில் பட்டாலோ எரிச்சலும் கொப்புளமும்தான் மிச்சம். முகத்தில் பூசக் கிளம்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரியபோளத்துக்கு ஐரோப்பாவில் இருந்த மவுசுக்கு ஒரே காரணம் மலச்சிக்கல். இங்கிலாந்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாமஸ் பீச்சம் என்ற பையன், வளர்ந்து 1840களில் சந்தைகளில் மாத்திரை விற்க ஆரம்பித்தான். கற்றாழைச் சாறு, இஞ்சி, சோப்பு மூன்றும் சேர்ந்த உருண்டை அது. ஒரு பெட்டி ஒரு கினி பொற்காசு பெறும் என்று விளம்பரம் செய்தார்கள். 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அந்த மாத்திரையைப் பிரித்து ஆராய்ந்து, 13½ பென்னி விற்கும் பெட்டிக்குள் இருக்கும் சரக்கின் அடக்கவிலை ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்குதான் என்று வெளியிட்டது. விற்பனை நின்றுவிடவில்லை. அந்தப் பணத்தில் வளர்ந்த பேரன், அதே தாமஸ் பீச்சம் என்ற பெயரில், இங்கிலாந்தின் பெரும் இசை நடத்துநர் ஆகி 1932இல் லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நிறுவினார். கம்பெனி 1969இல் ஹார்லிக்ஸை வாங்கியது. தொண்ணூறுகளில் நம் வீட்டு அலமாரியிலிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஸ்மித்க்ளைன் பீச்சம் என்று அச்சிட்டிருந்ததே, அந்தப் பீச்சம் இந்தப் பேதி மாத்திரைக்காரர்தான்.

இத்தனை காலமும் சோறு சும்மா இருந்ததா என்றால், இல்லை. செடி எங்கெல்லாம் கொல்லையில் நின்றதோ அங்கெல்லாம் பெண்கள் அதை எடுத்துப் பூசிக்கொண்டுதான் இருந்தார்கள். நம் பக்கம் குமரி என்று சித்த மருத்துவம் அதைக் கொண்டாடியது. சோற்றை ஏழு முறை கழுவ வேண்டும் என்பது பாட்டிமார் கணக்கு. கழுவிய சோற்றின் மேல் கடுக்காய்த்தூளோ படிகாரமோ தூவி வைத்தால் கெட்டிச் சதையிலிருந்து நீர் பிரிந்து வரும். அந்த நீரை நல்லெண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பார்கள். மூசாம்பரம் தனியாகச் சுளுக்குக்குப் பற்றுப் போட, முட்டை வெள்ளைக்கருவோடு. ஒரே செடியில் இரண்டு சரக்கு என்பதை இங்கே யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கப்பலில் ஏறாத ஒரே காரணத்தால் சோற்றுக்குச் சுங்கக் கணக்கிலும் இடமில்லை, ஐரோப்பிய மருந்து நூல்களிலும் பெரிய இடமில்லை.

அந்தச் சோற்றை மருத்துவப் பத்திரிகைக்குக் கொண்டுவந்தது யார் என்றால், எக்ஸ்ரே. 1895இல் ராண்ட்ஜன் அதைக் கண்டுபிடித்ததும் எதற்கும் அதைப் பயன்படுத்தலாம் என்று ஒரு மோகம் கிளம்பியது. 1920களில் அமெரிக்க அழகு நிலையங்களில் பெண்களின் முகத்து ரோமத்தை எக்ஸ்ரே காட்டி உதிர்த்தார்கள். ட்ரைக்கோ என்று அந்த இயந்திரத்துக்குப் பெயர். ரோமம் உதிர்ந்தது, சில வருடம் கழித்துத் தோல் சுருங்கி, புண்ணாகி, சிலருக்குப் புற்றும் வந்தது. மருத்துவமனைகளிலும் கதிர்பட்ட புண்கள் ஆறாமல் டாக்டர்களைத் திணறடித்தன. 1935இல் காலின்ஸ் என்ற பெயருடைய இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், எக்ஸ்ரேயால் நெற்றியில் புண்பட்ட ஒரு பெண்ணுக்குப் புதிதாக வெட்டிய கற்றாழை இலையைப் பிளந்து வைத்துக் கட்டியதில் ஆறியது என்று கதிரியக்கவியல் பத்திரிகையில் எழுதினார்கள். அணுகுண்டு செய்த அதே லாஸ் அலமோஸ் ஆய்வகம், 1953இல் கதிர்வீச்சில் தோல் வெந்த முயல்களின் மேல் கற்றாழையைப் பூசிச் சோதித்தது. அழகுக்காக முகத்தைச் சுட்டவர்களும் அணுயுகத்தின் அச்சமும் சேர்ந்துதான் நம் பாட்டி வைத்தியத்துக்கு ஆய்வகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள்.

இங்கே பழைய சங்கடம் திரும்ப வந்தது. புது இலை வேலை செய்தது. அதையே களிம்பாக்கி டியூபில் அடைத்தால் அழுகியது, அல்லது நீர்த்துப்போனது. இலை வெட்டியதும் உள்ளேயுள்ள நொதிகள் சோற்றின் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கத் தொடங்கிவிடுகின்றன, காற்று பட்டு நிறம் மாறுகிறது, மேலே கிருமிகளும் வந்து சேர்கின்றன. டெக்சாஸ் மருந்தாளர் பில் கோட்ஸ், சோற்றைக் கெடாமல் நிறுத்தும் முறைக்கு 1979இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய வருடம்தான் அரிசோனாவில் ஃபார்எவர் லிவிங் நிறுவனம் வீடு வீடாகக் கற்றாழை விற்கத் தொடங்கியிருந்தது. அண்டைவீட்டு அக்கா ஒருநாள் மஞ்சள் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து 'நீங்களும் பத்துப் பேரைச் சேர்த்துவிடலாம்' என்று சொன்னதன் ஆரம்பம் அங்கே. டெக்சாஸின் தென்கோடியில் முளைத்த தோட்டங்களை எண்பதுகளின் உறைபனி கருக்கிப் போட்டதும் தொழில் எல்லை தாண்டி மெக்சிகோவுக்குள் நகர்ந்தது. பின்னால் கொரியர்கள் வந்தார்கள், தொண்ணூற்றிரண்டு சதவீதம் கற்றாழை என்று எழுதிய பச்சை டப்பாக்களோடு. குளிர்நாட்டுக்காரர்கள் செய்த அந்த ஜெல் இன்று தி. நகர் கடையிலும் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு திரும்பும் தெருவில் எத்தனை வீட்டுத் தொட்டியில் அதே செடி நிற்கிறது என்று எண்ணுவது வீண் வேலை.

சரக்கு ஒன்று விலைபோகத் தொடங்கினால் போலியும் தொடங்கும். 2016இல் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் அமெரிக்கப் பெரிய சங்கிலிக் கடைகள் சிலவற்றின் சொந்தப் பெயர் ஜெல்களை ஆய்வகத்துக்கு அனுப்பியது. கற்றாழையின் அடையாளமான அசிமன்னான் என்ற சர்க்கரை பலவற்றில் தென்படவே இல்லை; இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மலிவான மாவுச்சர்க்கரை. விற்றவர்கள் சோதனை முறையே தவறு என்று வாதாடினார்கள்.

மஞ்சள் சாற்றின் நிலைமையோ அதைவிட மோசம். கற்றாழைப் பேதி மருந்துகள் பாதுகாப்பானவை என்பதற்கு நிறுவனங்கள் ஆய்வுச் சான்று தராததால் 2002இல் அமெரிக்கா அவற்றை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பதிலிருந்து விலக்கியது. மஞ்சள் சாறு நீங்காத முழு இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்த சோதனையில் பெருங்குடலில் கட்டிகள் வந்தன; உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை அதை மனிதருக்கும் புற்று உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. குடிக்கும் கற்றாழையில் அந்தக் கசப்புப்பொருள் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது தொழில்துறையே வைத்துக்கொண்ட அளவு. கரியில் வடிகட்டி அதை நீக்குகிறார்கள். சுல்தான்களும் கம்பெனிகளும் காசு எண்ணி வாங்கிய சரக்கை நீக்குவதற்கு இப்போது தனிச்செலவு.

சோற்றிலேயே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், 98, 99 பங்கு தண்ணீர். மிச்சம் அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளும் கொஞ்சம் உப்புகளும். தோலின் மேல் மெல்லிய படலமாக நின்று ஈரத்தைக் காக்கும், வெயில் எரிச்சலைத் தணிக்கும். லேசான தீப்புண் ஆறுவதற்கு உதவுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முகத்தை நிறமாற்றும், சுருக்கத்தை அழிக்கும் என்பதெல்லாம் டப்பாவில் எழுதுவதற்கு.

வீட்டில் எடுப்பதென்றால் அடிப்பக்கத்து முற்றிய வெளியிலை ஒன்று போதும். வெட்டிய முனை கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்திவையுங்கள். பார்படோஸ்காரர்கள் சேர்த்த அதே சாறு வடியும், அதைக் கொட்டிவிடுங்கள். ஓரத்து முள்ளைச் சீவி, தோலை உரித்து, மஞ்சள் திட்டு மிச்சமில்லாமல் சோற்றைப் பலமுறை அலசுங்கள். முகத்துக்குப் பயத்தமாவோடு குழைத்துக்கொள்ளலாம், தலைக்கு அப்படியே தேய்க்கலாம். முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒருநாள் பொறுங்கள், சிலருக்கு அரிக்கும். ஆழமான தீப்புண்ணுக்கு இது மருந்தல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரைத்த சோறு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். மிஞ்சுவதை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால், வெயிலில் போய்வந்த நாளில் ஒரு கட்டியைத் துணியில் சுற்றி முகத்தில் ஒற்றிக்கொள்ளலாம்.